கடதாசிப் பையைக் கொட்டி அடுக்குவது எப்படி

இலங்கையின் வடக்கே வன்னியில் கடதாசிப் பை, அதாவது சான்றிதழ், காணிப் பத்திரம் எல்லாம் கட்டி வைத்த பை, இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. பொலித்தீன் பைக்குள் ஒரு பை, அதற்குள் இன்னொரு பை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு இறப்பர் வளையம். சில வீடுகளில் அது பிள்ளையின் பழைய பாடசாலைப் பை, சில வீடுகளில் பிஸ்கட் தகரம். ஷெல் விழும்போது பிள்ளையை ஒரு கையிலும் பையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு ஓடிய காலத்தில் வந்த பழக்கம். கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், கடைசியில் செட்டிகுளத்து முகாம் என்று 2009 வரை அந்தப் பை ஆட்களோடு சேர்ந்து நடந்தது. இன்றைக்குப் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆனால் ஓடுவதற்குக் கட்டிய பையில் எதையும் தேடி எடுக்க முடியாது. நான் ஒரு பிரதேச செயலகத்துக்குப் பக்கத்தில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, லேமினேற், படிவம் நிரப்புதல், ரீலோட். காலை எட்டரைக்கு யாராவது ஒரு அம்மா வந்து பையை அப்படியே என் மேசையில் கவிழ்ப்பார். "தம்பி, இதுக்குள்ளதான் இருக்கு, பாருங்கோ." பாதிக் கடதாசியை நான் பார்ப்பேன், பாதியை அவர் பார்ப்பார். தேடிய கடதாசி கிடைக்கும்போது கந்தோரில் இலக்கம் கொடுத்து முடித்திருப்பார்கள்.

மற்றவர்களைச் சொல்லி என்ன, என் வீட்டுக் கதையும் அதுதான். அப்பாவின் காணி அனுமதிப்பத்திரம் எல்லா இடப்பெயர்வையும் தாண்டி வந்தது. மீள்குடியேறிய பிறகு, இனி எங்கே ஓடப்போகிறோம் என்று பையை றங்குப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே சீமெந்து நிலத்தில் தள்ளிவிட்டோம். 2018 மார்கழி வெள்ளம் வந்தபோது தண்ணீர் வீட்டுக்குள் ஏறவில்லை, ஆனால் நிலம் நாட்கணக்கில் ஊறிக் கிடந்தது. அடுத்த வருடம் பெட்டியைத் திறந்தால் ஒரு மூலையிலிருந்து கறையான் புற்று. பத்திரத்தின் கீழ்ப்பாதியைக் காணோம். மேலே பத்திர இலக்கம் இருந்த மூலை மட்டும் தப்பியிருந்தது. அந்த இலக்கத்தைக் கொண்டுபோய்த்தான் கந்தோரின் காணிப் பேரேட்டில் எங்கள் காணியைத் தேடிப் பிடித்தோம். போரில் சில கந்தோர்களின் பதிவேடுகளும் அழிந்துபோனதை நினைத்தால், எங்களுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து என்னிடம் யோசனை கேட்டு வருகிற எல்லோருக்கும் முதலில் சொல்வது, கடதாசியைக் காப்பாற்றுவதோடு அதன் இலக்கத்தைத் தனியாகக் காப்பாற்றுங்கள் என்பதுதான். கீழே சொல்கிற ஒழுங்கு முழுவதும் அதை வைத்தே வருகிறது.

முதல் வேலை: கொட்டுவது

மாரியில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஐப்பசி முதல் தை வரை காற்றிலேயே ஈரம் இருக்கும், கடதாசி ஒன்றோடொன்று ஒட்டும். காலபோக அறுவடை முடிந்து வீட்டில் கொஞ்சம் ஓய்வு இருக்கிற மாசி, பங்குனிதான் நல்ல காலம். பாயை விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பை, தகரம், அலுமாரித் தட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியது, மெத்தைக்குக் கீழே வைத்தது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரைக் கட்டாயம் பக்கத்தில் இருத்துங்கள். எது எந்தக் காணியின் துண்டு, யார் எந்தப் பதிவாளர் பிரிவில் பிறந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி, இறப்பர் வளையம் மூன்றையும் அன்றைக்கே கழற்றி எறியுங்கள். ஊசி துருப்பிடித்துக் கடதாசியைத் தின்னும். இறப்பர் எங்கள் வெயிலுக்கு உருகி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது எது எதோடு சேர்ந்திருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில நேரம் அந்தச் சேர்க்கையிலேயே ஒரு காரணம் இருக்கும்.

முதல் நாள் எதையும் எறிய வேண்டாம். "இது ஒண்டுக்கும் உதவாது" என்று ஒருவர் வீசிய துண்டு, அடுத்த கிழமை இன்னொருவர் தேடிய வைத்தியசாலைத் துண்டாக இருந்ததை என் கடையிலேயே கண்டிருக்கிறேன்.

அடுத்தது: ஆளுக்கொரு உறை

புத்தகங்களிலும் காணொளிகளிலும் கடதாசியை வகைவாரியாகப் பிரிக்கச் சொல்வார்கள்: சான்றிதழ் ஒரு பக்கம், மருத்துவம் ஒரு பக்கம். என் அனுபவத்தில் எங்கள் வீடுகளுக்கு அது சரிவராது. கந்தோரில் எப்போதும் ஒரு ஆளைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆகவே ஆளுக்கொரு உறை வையுங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் உறை போதும். அதில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் கொப்பி, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், கிளினிக் கொப்பி, சின்னப் பிள்ளை என்றால் தடுப்பூசி விவரம் எழுதிய சுகாதாரப் பதிவேடு. விவாகச் சான்றிதழை மனைவியின் உறையில் வையுங்கள். கணவன் இல்லாத நேரத்தில் அதைத் தேடி அலைகிறவர் பெரும்பாலும் அவர்தான்.

உறையில் போடும் முன்பு ஒவ்வொருவருடைய கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் பிறந்த திகதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் பத்து நிமிட வேலை பிறகு பத்து நாள் அலைச்சலைத் தவிர்க்கும். எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு கந்தோரும் ஒவ்வொரு விதமாக எழுத்துக் கூட்டியிருக்கும். தகப்பன் பெயர் ஒன்றில் முழுதாக இருக்கும், ஒன்றில் முதலெழுத்து மட்டும் இருக்கும். முகாம் காலத்தில் அவசரமாகப் பதிந்தவற்றில் ஒரு எழுத்து, ஒரு நாள் பிசகியிருக்கலாம்.

பிறந்த திகதியைச் சரிபார்க்க அடையாள அட்டை இலக்கமே போதும், இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாம் நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. 1985 மார்ச் 1 இல் பிறந்த பெண்ணுக்கு 31, 29, 1 கூட்டி 61, அதோடு 500 சேர்த்தால் 561. அவருடைய இலக்கம் 85561 என்று தொடங்க வேண்டும். 2016 முதல் வருகிற பன்னிரண்டு இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக இருக்கும், ஆகவே 1985561 என்று தொடங்கும். உங்கள் கணக்கும் பிறப்புச் சான்றிதழும் பொருந்தவில்லையா? அந்த ஆளின் உறைமேல் ஒரு சிவப்புத் துண்டு ஒட்டுங்கள். வெளிநாட்டுப் பயணமோ ஓய்வூதியமோ வரும் வரைக்கும் அதைப் பிற்போட வேண்டாம். சின்ன வேறுபாடுகளுக்குச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். பதிவிலேயே பிழை என்றால் பதிவைத் திருத்த விண்ணப்பிக்கத்தான் வேண்டும்.

காணாமற்போனவர்களுக்கும் ஒரு உறை வேண்டும். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதாமல் விட முடியாது. பல அம்மாக்களிடம் அந்த உறை ஏற்கெனவே இருக்கிறது, மற்ற எல்லாக் கடதாசியையும் விட ஒழுங்காகவும் இருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பி, மனித உரிமைகள் ஆணைக்குழுக் கடிதம், ஒவ்வொரு ஆணைக்குழுவும் கொடுத்த இலக்கம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காக 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. எடுப்பதா இல்லையா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு, போட்டோக் கொப்பி அடிக்கிறவன் சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த உறையிலிருந்து மூலப் பிரதி எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். யார் கேட்டாலும் கொப்பி. கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பெயரையும் உறையின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

காணி: இதற்குத் தனிக் கோவை

வன்னியில் பெரும்பான்மையானோர் இருப்பது அனுமதிப்பத்திரக் காணி, அதாவது பேர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தது. சிலரிடம் அதற்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் இருக்கும். சிலரிடம் நொத்தாரிசு முடித்த உறுதி. மூன்றையும் "காணி உறுதி" என்று ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம், கந்தோரில் குழப்பமே அதிலிருந்துதான் தொடங்கும். உங்களிடம் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொண்டு, கோவையின் முகப்பில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

அனுமதிப்பத்திரம் என்றால் பத்திர இலக்கம், பேரேட்டு இலக்கம், வழங்கிய திகதி, ஏக்கர், றூட், பேர்ச்சில் பரப்பு, நான்கு எல்லை ஆகியவற்றைப் பார்த்து எழுதுங்கள். பின்னுரித்தாளராக, அதாவது பத்திரகாரருக்குப் பிறகு காணி போய்ச் சேர வேண்டியவராக, யாருடைய பெயர் இருக்கிறது என்பதைத் தனியாகப் பாருங்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால், பத்திரகாரர் உயிரோடு இருக்கும்போதே காணிப் பிரிவுக்குப் போய் நியமனத்தைப் பதியச் சொல்லுங்கள். வீட்டுச் சண்டையில் பாதி அந்த வெறுமையான இடத்திலிருந்துதான் முளைக்கிறது. நியமனம் இல்லாவிட்டால் உரித்து அந்தக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணைப்படி போகும். முன்பு அதில் ஆண்பிள்ளைகளுக்கு முந்திய இடம் இருந்தது, 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை நீக்கினார்கள். பத்திரகாரர் இறந்துவிட்டால் உரித்தை ஏற்பதற்கு ஆறு மாதக் கணக்கொன்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே அந்தியேட்டி முடிந்த கையோடு மரணச் சான்றிதழ்க் கொப்பியைக் காணிக் கோவையிலும் ஒன்று போட்டுவிட்டுக் காணிப் பிரிவுக்குப் போங்கள். "ஆண்டுத் திவசம் முடியட்டும்" என்று இருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

உறுதி என்றால் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் முக்கியம். நொத்தாரிசு தான் முடிக்கும் உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். மூலம் தொலைந்தாலும் இந்த மூன்றும் தெரிந்தால் அங்கே பிரதி கேட்கலாம். உறுதியின் பின்பக்கத்தில் பதிவகத்து முத்திரையில் பதிவு விவரம் இருக்கும். போட்டோக் கொப்பி எடுக்கும்போது பின்பக்கத்தை மறக்கிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு தாளிலும் இரண்டு பக்கமும் எடுங்கள், வெறுமையாகத் தெரிந்தாலும் எடுங்கள்.

நில அளவைப் படம், ஆண்டுக் கட்டணப் பற்றுச்சீட்டுகள், வீட்டுத்திட்டக் கடிதங்கள், கிணறு கட்டிய மானியக் கடிதம், மின்சாரம் முதன்முதல் எடுத்த துண்டு எல்லாம் இந்தக் கோவைக்குள் வரும். மின்சாரத் துண்டு எதற்கு என்று கேட்பார்கள். இந்தத் திகதியில் இந்தக் காணியில் நாங்கள் இருந்தோம் என்று காட்டுவதற்கு. பத்திரத்தை இழந்தவர்களுக்கு இப்படிப்பட்ட சில்லறைத் துண்டுகள்தான் பேச்சுத் துணை.

காசு, கடன், மாதக் கடதாசி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வங்கிப் புத்தகங்கள், சேமலாப நிதித் துண்டுகள், அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவி தொடர்பான கடிதங்கள், கமநல சேவை நிலையத்துப் பதிவு, உர மானியத் துண்டு, மோட்டார் சைக்கிள் புத்தகம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் ஒரு கோவை. மின்பட்டியல் கடைசிப் பன்னிரண்டு மாதமும் இருந்தால் போதும்.

கடனில் மட்டும் கவனம். அடைவு வைத்த நகைக்கான பற்றுச்சீட்டில் தவணை முடியும் திகதியை நாட்காட்டியிலும் எழுதுங்கள். நுண்கடன், லீசிங் எதுவானாலும் கிழமைக்குக் கிழமை கட்டிய துண்டு ஒன்றையும் எறிய வேண்டாம். கட்டி முடிந்த அன்றைக்கே "கடன் தீர்ந்தது, பாக்கி இல்லை" என்று எழுத்தில் கடிதம் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா எல்லாத் தவணையும் கட்டி முடித்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, இரண்டு தவணை பாக்கி என்று கடன் கொடுத்த ஆட்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள். அக்கா துண்டுகளை வைத்திருந்தார், ஆனால் பாதி வெள்ளைக் கடதாசியாக மாறியிருந்தது.

அதற்குக் காரணம் துண்டின் தன்மை. மெஷினில் வருகிற வழுவழுப்பான துண்டுகளில் மையே இல்லை, சூட்டால் கறுக்கிற கடதாசி அது. தகரக் கூரைக்குக் கீழே சில மாதத்தில் எழுத்து மங்கும், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் இன்னும் கெதியாக மங்கும். அதை லேமினேற் பண்ணக் கொண்டுவராதீர்கள். மெஷினுக்குள் போனதும் முழுக்கக் கறுத்துவிடும். வாங்கிய அன்றைக்கே கொப்பி எடுத்து, கொப்பியையும் மூலத்தையும் சாதாரணக் கடதாசி உறையில் வையுங்கள்.

லேமினேற் பற்றி என் தொழிலுக்கு எதிராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய மூலச் சான்றிதழ், உறுதி, அனுமதிப்பத்திரம் மூன்றையும் லேமினேற் பண்ண வேண்டாம். பிறகு அதில் ஒரு முத்திரையோ குறிப்போ இட முடியாது, கழற்றவும் முடியாது. கொப்பியை வேண்டுமானால் பண்ணுங்கள், காசு வாங்க எனக்கும் சந்தோஷம்.

இலக்கக் கொப்பி

இனி முக்கியமான வேலை. எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். ஆளுக்கு ஒரு பக்கம், காணிக்கு இரண்டு பக்கம், காசுக்கு இரண்டு பக்கம். ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு வரி: என்ன கடதாசி, இலக்கம், திகதி, கொடுத்த இடம், இப்போது எங்கே இருக்கிறது. பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளில் பதிவு இலக்கத்தோடு பதிவாளர் பிரிவையும் எழுதுங்கள். அவை தெரிந்தால் புதுப் பிரதி கேட்பது இலகு. தெரியாவிட்டால் பதிவேட்டில் தேடச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நாளும் போகும் காசும் போகும்.

நீலம் அல்லது கறுப்புப் போல்பொயின்ட் பேனையால் எழுதுங்கள். ஜெல் பேனை வேண்டாம், பலவற்றின் மை ஒரு துளி தண்ணீர் பட்டால் ஓடிவிடும். மூலப் பிரதி வெளியே போனால் அந்த வரிக்கு எதிரே பென்சிலால் "வங்கியில், ஆடி 12" என்று குறித்து, திரும்பி வந்ததும் அழியுங்கள். பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்கக் கொடுத்த பிறப்புச் சான்றிதழை ஐந்து வருடம் வீட்டில் தேடிய ஆட்கள் இருக்கிறார்கள்.

வங்கி அட்டையின் இரகசிய இலக்கம் இந்தக் கொப்பியில் வரக் கூடாது.

பெட்டியும் அது இருக்கிற இடமும்

கறையான், வெள்ளம், சூடு மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தப்ப வேண்டும். நிலத்தில் வைத்தால் கறையானும் வெள்ளமும். கூரைக்குக் கீழே பரணில் வைத்தால் சூடும் எலியும். இடுப்பளவு உயரத்தில், சுவரைத் தொடாமல், காலுள்ள மேசை அல்லது இரும்பு அலுமாரியின் நடுத்தட்டுதான் சரி. கறையான் பெரும்பாலும் சுவர் வழியாகத்தான் ஏறும், ஆகவே சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி நல்லது. மருந்துப் போத்தலில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளைச் சேர்த்து உள்ளே போடுங்கள். வேப்பிலை போடுகிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. நன்றாகக் காயாத இலை கடதாசியில் கறைதான் பிடிக்கும், நான் விட்டுவிட்டேன்.

உறைகள் எல்லாவற்றையும் கைபிடி உள்ள ஒரு பைக்குள் வைத்து, அந்தப் பையோடு பெட்டிக்குள் வையுங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிறார்கள் என்று இரவில் ஒலிபெருக்கியில் சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. பையை இழுத்து எடுத்துக்கொண்டு போகலாம். பழைய பை எங்கேயும் போகவில்லை, உள்ளே இருப்பது மட்டும் ஒழுங்காகிவிட்டது.

போனுக்குள் வைப்பது

"எல்லாம் போனில் போட்டோ எடுத்து வைச்சிருக்கிறன்" என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது, "எடுங்கோ பாப்பம்." நாலாயிரம் படத்துக்குள் விரலால் தள்ளித் தள்ளிப் பத்து நிமிடம் போகும். கோயில் திருவிழா, பிறந்தநாள், நடுவில் எங்கேயோ அடையாள அட்டை, அதுவும் விரல் நிழல் விழுந்தபடி. பைக்குள் இருந்த குழப்பம் போனுக்குள் குடியேறியிருக்கிறது.

எதை முதலில் எடுப்பது? சான்றிதழ் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என் கணக்கு வேறு. சான்றிதழைக் கந்தோர் திரும்பத் தரும். 1980 களில் எடுத்த கல்யாணப் படத்தையோ, காணாமற்போன பிள்ளையின் ஒரே பாஸ்போட் படத்தையோ எந்தக் கந்தோரும் தராது. வேறெங்கும் பிரதி இல்லாதவை முதலில். பிறகு காணி. பிறகு மற்றவை.

காலை வெயில் நேரடியாக விழாத வாசற்படியில் கடதாசியை வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கான் பண்ணும் வசதி இருக்கிறது, அது ஓரங்களைத் தானாக வெட்டி ஒரே பீ.டி.எப். கோப்பாக ஆக்கித் தரும். பழைய புகைப்படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தபடியே எடுத்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரித்துக் கிழிக்க வேண்டாம், சரித்து வைத்து எடுங்கள்.

பெயர் வைப்பதில்தான் ஒழுங்கு இருக்கிறது. ஆள் பெயர், கடதாசியின் பெயர், கடைசியில் திகதி: "அம்மா-பிறப்புச்சான்றிதழ்-1962-08-04". வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் ஒரே வகைக் கடதாசிகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். வீட்டில் உள்ள உறைகளின் பெயர்களையே போனில் உள்ள போல்டர்களுக்கும் வையுங்கள். வெளியே ஒரு ஒழுங்கு, உள்ளே வேறொரு ஒழுங்கு என்றால் ஒரு வருடத்தில் இரண்டும் குழம்பும்.

இனி கணக்கு. இங்கே பலருக்கு ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்தது போன் விற்ற கடைப் பையன். கடவுச்சொல் அவனுக்கும் மறந்துவிட்டது. போன் கிணற்றுக்குள் விழும் வரை இது தெரியாது. விழுந்த பிறகு படங்கள் எல்லாம் கூகுளில் பத்திரமாக இருக்கும், உள்ளே போக மட்டும் வழி இருக்காது. ஆகவே இன்றைக்கே உங்கள் கணக்கின் முகவரி எது என்று போனில் பார்த்து இலக்கக் கொப்பியில் எழுதுங்கள். கடவுச்சொல்லை நீங்களே மாற்றி, ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, கொப்பியோடு சேராமல் வேறு இடத்தில் வையுங்கள். மீட்புக்குக் கொடுத்த தொலைபேசி இலக்கம் இப்போது பாவிக்கிற சிம்தானா என்று பாருங்கள். அந்த சிம் யாருடைய பெயரில்? மச்சானின் பெயரில் எடுத்த சிம் தொலைந்தால், மச்சான் கட்டாரிலிருந்து வந்துதான் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி., வீட்டுக் கடதாசிக்கு அது தாராளம், பாட்டுக் காணொளிகளை அதற்குள் நிரப்பாவிட்டால். இரண்டு வருடம் தொடவே இல்லை என்றால் கூகுள் கணக்கை அழிக்கலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், சின்ன எழுத்து வாசிக்க வராது. டொக்கியுமென்ட் என்று தெரிவு செய்து அனுப்புங்கள். கனடாவிலோ பிரான்சிலோ இருக்கிற அக்காவுக்கு முழுத் தொகுப்பையும் ஒருமுறை அனுப்பி வைத்தால், இங்கே எது போனாலும் அங்கே ஒன்று இருக்கும். பென்ட்ரைவ் ஒன்றிலும் போட்டு வைக்கலாம், ஆனால் அதைக் கடைக் கடையாகக் குத்த வேண்டாம். வைரஸ் ஏறி உங்கள் போல்டரெல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிக் கிடக்கும்.

கடைக்காரனாக ஒரு ஒப்புதல். நீங்கள் அச்செடுக்க என் இலக்கத்துக்கு அனுப்பிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் நான் அழிக்கும் வரை என் கணினியில் இருக்கும். ஒருநாள் தரவிறக்கப் போல்டரைத் திறந்து பார்த்தபோது ஊரில் பாதிப்பேரின் கடதாசி அதில் கிடந்தது. இப்போது தினமும் கடை பூட்டும் முன் அழிக்கிறேன். எல்லாக் கடைகளிலும் அப்படி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அச்செடுத்ததும் அங்கேயே நின்று, "தம்பி, அதை அழியும், நான் பாக்கிறன்" என்று சொல்லுங்கள். நல்ல கடைக்காரன் கோபிக்க மாட்டான். கணினியில் உங்கள் மின்னஞ்சலைத் திறந்திருந்தால் வெளியேறிவிட்டு எழும்புங்கள். அடையாள அட்டைக் கொப்பியைக் கொடுக்கும்போது அதன் குறுக்கே எந்த அலுவலுக்கு, எந்தத் திகதி என்று பேனையால் எழுதிக் கொடுங்கள். பிறகு அதை வேறொரு கடனுக்கு யாரும் பாவிப்பது கஷ்டம்.

பிறகு

தைப்பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது பெட்டியையும் ஒருமுறை திறவுங்கள். புதிதாக வந்தவற்றை இலக்கக் கொப்பியில் ஏற்றுங்கள், மங்குகிற துண்டுக்குக் கொப்பி எடுங்கள், முடிந்துபோன காப்புறுதியைக் கிழியுங்கள். பெட்டியின் நான்கு மூலையையும் தடவிப் பாருங்கள், மண் துகள் கையில் பட்டால் கறையான் வந்துவிட்டது. ஆண்டு அனுமதிப்பத்திரக் காணி என்றால் புதுப்பிக்கும் நாளை அன்றைக்கே நாட்காட்டியில் குறியுங்கள்.

இலக்கக் கொப்பி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். ஒருவர் மூத்தவர், மற்றவர் சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிற பிள்ளை. கந்தோருக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், பையை அவர்களிடமே கொடுங்கள். கேட்கிற கடதாசியை அவர்களே உறையிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். எந்த உறையில் எது இருக்கிறது என்பது இரண்டு தரம் போனால் பழகிவிடும். கொப்பி எடுப்பதற்கு மட்டும் என் கடைக்கு வாருங்கள்.